தொங்கும் பலகையும் விழிக்கும் மனச்சான்றும்

அறநெறியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நம் எண்ணம் பெரும்பாலும் பெரிய காரியங்களையே நாடுகிறது. போரும் அமைதியும், களவும் கொலையும், கொடுத்த வாக்கும் அதனை மீறுதலும் மட்டுமே மனச்சான்றின் எல்லைக்குள் வருவன என்று நாம் கருதிப் பழகிவிட்டோம். அன்றாடம் நம் கைபடும் சிறு பொருள்களைக் குறித்து மனச்சான்றுக்குச் சொல்வதற்கு ஏதும் உண்டா? உடைந்துபோன ஒரு பொருளைச் சரிசெய்வதும், தூக்கி எறிவதும், அப்படியே விட்டுவிடுவதும் வெறும் வசதியைப் பொறுத்த விருப்பங்கள்தாமா? அன்றி, இவற்றிலும் நன்மை தீமை என்னும் வேறுபாடு உண்டா?

இவ்வினாவைப் பொதுவாக விவாதிப்பதைவிட ஒரு சிறு பொருளை எடுத்துக்கொண்டு ஆராய்வது நலம். காரின் முன்கண்ணாடிக்கு மேலே, ஓட்டுநரின் நெற்றிக்கு நேராக, ஒரு மெல்லிய பலகை மடிந்து கிடக்கும். கார் வைத்திருப்போர் அதனைச் சன் வைசர் என்பர். நாம் வெயில் மறைப்பு என்போம். காலையில் கிழக்கு நோக்கியும் மாலையில் மேற்கு நோக்கியும் செல்லும்போது கண்ணில் அறையும் வெயிலைத் தடுப்பதே இதன் வேலை. ஆண்டுகள் சில சென்றபின் பல கார்களில் இப்பலகை தன் பிடியை இழந்துவிடுகிறது. மேலே தள்ளினால் நிற்பதில்லை. வேகத்தடையில் வண்டி குலுங்கியவுடன் ஓட்டுநரின் கண்முன்னே வந்து விழுகிறது. இந்த அற்பமான பழுதை நம் சிந்தனைக்கு உரைகல்லாகக் கொள்வோம்.

பழுதானபின் தெரியும் பொருள்

மெய்யியல் பயின்றோர் ஹைடெக்கர் என்னும் ஜெர்மானியச் சிந்தனையாளரை அறிவர். 1927இல் வெளிவந்த ‘இருத்தலும் காலமும்’ என்னும் தம் நூலில் அவர் ஒரு கூரிய உண்மையை எடுத்துக்காட்டினார். நன்றாக வேலை செய்யும் கருவியை நாம் கவனிப்பதே இல்லை. சுத்தியலால் அடிப்பவனின் கவனம் ஆணியில் இருக்கிறதே அன்றிச் சுத்தியலில் இல்லை. அக்கருவி உடையும்போதுதான் அது ஒரு பொருளாக நம் கண்ணில் படுகிறது.

வெயில் மறைப்பும் அத்தகையதே. பத்து ஆண்டுகள் அது நமக்கு நிழல் தந்தபோது அதற்கு ஒரு பெயர் உண்டென்றுகூட நாம் எண்ணியிருக்கமாட்டோம். தொங்கத் தொடங்கிய அன்றுதான் அதனை ஏறெடுத்துப் பார்க்கிறோம். ஆகவே பழுது என்பது ஒரு தொல்லை மட்டுமன்று. நாம் எதனைச் சார்ந்து வாழ்கிறோம் என்பதை நமக்குக் காட்டும் ஓர் அறிவிப்புமாகும். அந்த அறிவிப்பைப் பெற்றவர் மூன்றில் ஒன்றைச் செய்கிறார். பொறுத்துக்கொள்கிறார், அல்லது எறிந்துவிட்டுப் புதிது வாங்குகிறார், அல்லது சரிசெய்கிறார். இம்மூன்றையும் வரிசையாக எடைபோட்டுப் பார்ப்போம்.

பொறுமை என்னும் போர்வை

முதலாவது வழி பொறுத்துக்கொள்ளுதல். ரப்பர் வளையம் ஒன்றை மாட்டிவிட்டு, அல்லது ஒரு கையால் பலகையைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் வண்டி ஓட்டுவோரை நாம் கண்டிருக்கிறோம். “இது ஒரு பெரிய விஷயமா?” என்று அவர்கள் சிரித்துக்கொண்டே கூறுவர். எளிமை என்றும் பற்றின்மை என்றும் இதற்குப் பெயர் சூட்டுவாரும் உளர்.

ஆனால் கணக்கு வேறு செய்தியைச் சொல்லுகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடும். விழுந்த பலகையைத் தள்ளிவிட இரண்டு நொடி ஆகுமெனில், 33 மீட்டர் தொலைவை ஓட்டுநர் கண் மறைந்த நிலையில் கடக்கிறார். இளங்காலை வெயிலில் சாலையைக் கடப்பவர் யார் என்று எண்ணிப்பாருங்கள். பூக்கூடையோடு சந்தைக்குப் போகும் அம்மா, துடைப்பத்தோடு நிற்கும் துப்புரவுப் பணியாளர், மிதிவண்டியில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளை. ஆக, பழுதுக்குரிய விலையை ஏற்கக்கூடியவர் காரில் அமர்ந்திருப்பவர் அல்லர். காருக்கு வெளியே நடப்பவர்.

பொறுமை என்னும் நற்பண்பு தனக்கு வரும் துன்பத்தைத் தாங்குவதில் இருக்கிறது. பிறருக்கு வரக்கூடிய துன்பத்தை நாமே முன்வந்து பொறுத்துக்கொள்வது பொறுமை ஆகாது, அது அசட்டை. செய்யவேண்டியதைச் செய்யாது விடுவதும் குற்றமே என்று அறநெறி இயல் நெடுங்காலமாகக் கற்பித்து வந்துள்ளது. தொங்கும் பலகையை ‘நாளை பார்க்கலாம்’ என்று ஒத்திப்போடுவது அத்தகைய விடுபாடே என்பதில் நமக்கு ஐயமில்லை.

எறிதலின் கணக்கு

இரண்டாவது வழி புதிது வாங்குதல். இதில் தன்னளவில் குற்றம் ஏதுமில்லை. ஆயினும் பலகையின் உள்ளே உண்மையில் பழுதாவது எது என்பதைப் பார்க்கவேண்டும்.

காரின் கூரையில் ஓர் அடித்தாங்கி இரண்டு அல்லது மூன்று திருகாணிகளால் பொருத்தப்பட்டிருக்கும். அதிலிருந்து வளைந்து வரும் உலோகக் கம்பி பலகைக்குள் நுழைகிறது. உள்ளே வில்லெஃகால் ஆன ஒரு சிறு கவ்வி அக்கம்பியை இறுகப் பிடித்திருக்கும். பல கார்களில் கம்பியின் ஒரு பக்கம் தட்டையாக்கப்பட்டிருக்கும். பலகையை மேலே தள்ளும்போது கவ்வி அந்தத் தட்டைப் பகுதியில் வந்து ‘டக்’கென்று அமர்கிறது. பலகை நிற்பது இந்தப் பிடியினால்தான். ஆண்டுக்கணக்கில் திருப்பித் திருப்பிக் கவ்வி விரிந்துவிடுகிறது. அல்லது கவ்வியைத் தாங்கும் பிளாஸ்டிக் கூடு வெடித்துவிடுகிறது. வெளியே 35 பாகை வெப்பம் உள்ள நாளில், மூடி நிறுத்திய காரின் உட்புறம் ஒரு மணி நேரத்தில் 55 பாகையைத் தொடக்கூடும். கண்ணாடியை ஒட்டி இருக்கும் பலகை இந்தச் சூட்டை நாள்தோறும் வாங்கிக்கொள்கிறது. பிளாஸ்டிக் நலிவதில் வியப்பில்லை.

பழுதானது விரல்நுனி அளவுள்ள ஒரு கவ்வி. ஆனால் கடையில் கவ்வியை மட்டும் கேட்டால் பெரும்பாலும் கிடைப்பதில்லை. பலகை, கம்பி, தாங்கி அனைத்தும் சேர்ந்த முழு உறுப்பாகவே விற்கப்படுகிறது. ஒரு கவ்விக்காக நல்ல நிலையில் உள்ள எஃகும் நுரையும் துணியும் குப்பைக்குப் போகின்றன. அக்குப்பை எங்கே போகிறது? நம் கண்ணுக்கு எட்டாத இடத்துக்குப் போகிறது. அந்த இடத்திலும் சிலர் குடியிருக்கிறார்கள். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலில், பொருள்களை விரைவில் குப்பையாக்கும் வீணடிப்புப் பண்பாட்டைச் சுற்றுச்சூழல் கேட்டோடும் ஏழைகளின் துயரோடும் இணைத்துப் பேசியது இக்காரணம் பற்றியே.

நம் மண்ணில் பிறந்த ஒருவரையும் இங்கு நினைவுகூர வேண்டும். 1892இல் தஞ்சாவூரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த ஜே.சி. குமரப்பா கணக்காயராக இருந்து, பின்னர் காந்தியடிகளின் பொருளியல் சிந்தனைக்கு உருவம் தந்தவர். 1940களில் சிறையில் இருந்தபோது எழுதிய ‘நிலைத்த பொருளாதாரம்’ என்னும் நூலில், தீர்ந்துபோகும் வளங்களை வாரியிறைத்து நடக்கும் வாழ்வையும், இயற்கையின் சுழற்சிக்கு இசைந்து நடக்கும் வாழ்வையும் அவர் பிரித்துக் காட்டினார். ஈயம் பூசுபவரும், அம்மி கொத்துபவரும், குடை தைப்பவரும், சாணை பிடிப்பவரும் நம் தெருக்களில் குரல் கொடுத்துச் சென்ற காலம் நம்முள் பலருக்கு நினைவிருக்கும். அவர்கள் வறியவர்களாகவே இருந்தனர். அந்த வறுமையைப் புகழ்வது நம் நோக்கமன்று. ஆனால் ஒரு பொருளின் ஆயுள் அதனை வாங்கிய விலையோடு முடிந்துவிடுவதில்லை என்ற அறிவு அவர்களிடம் இருந்தது.

சட்டமும் கைத்திறனும்

சரிசெய்வது உரிமையா என்னும் வினாவும் அண்மைக் காலத்தில் எழுந்துள்ளது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநில மக்கள் 2012இல் வாக்கெடுப்பின் வழியாக, கார்களைப் பழுதுபார்க்கத் தேவையான தகவல்களைத் தனிப் பட்டறைகளுக்கும் கார் உரிமையாளர்களுக்கும் வழங்கவேண்டும் என்று தீர்மானித்தனர். நம் நாட்டில் 2014 ஆகஸ்ட் மாதம் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிப் பாகங்களும் பழுதறியும் கருவிகளும் வெளிச்சந்தையில் தாராளமாகக் கிடைக்கவிடாமல் தடுத்தனர் என்பதே குற்றச்சாட்டு. நிறுவனங்கள் அதனை எதிர்த்து மேல்முறையீட்டுக்குச் சென்றன. 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஒரு குழுவை அமைத்தது. அக்குழு கவனிக்கவேண்டிய துறைகளுள் மோட்டார் வாகனங்களும் ஒன்று.

இவை வரவேற்கத்தக்கவை. எனினும் சட்டம் கதவைத்தான் திறக்கும். நடந்துபோகக் கால் நம்முடையதாக இருக்கவேண்டும். திருப்புளியைப் பிடிக்கவே மறந்துபோன தலைமுறைக்குப் பழுதுபார்க்கும் உரிமை கிடைத்து என்ன பயன்? 2009இல் மார்ட்டின் போஸ்ட்மா என்னும் பெண்மணி நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் ‘ரிப்பேர் கஃபே’ என்னும் கூடுகையைத் தொடங்கினார். பழுதான பொருளோடு வருவோர் தன்னார்வலரோடு அருகமர்ந்து தாமும் சேர்ந்து சரிசெய்யும் இடம் அது. பின்னர் இக்கூடுகைகள் பல நாடுகளுக்கும் பரவின. அங்கே பொருள் மட்டும் சீராவதில்லை, கையும் கற்றுக்கொள்கிறது.

சரிசெய்யும் வழி

அப்படியானால் தொங்கும் பலகையை எவ்வாறு சரிசெய்வது? இதனை விளக்கமாகவே சொல்லுவோம். செயலில் இறங்காத அறவுரை காற்றில் கரைந்துவிடும்.

முதலில் நோய் எங்கே என்று அறியவேண்டும். ஒரு கையால் கூரையில் உள்ள அடித்தாங்கியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பலகையை அசைத்துப் பாருங்கள். தாங்கியே ஆடினால் திருகாணி தளர்ந்திருக்கிறது. அளவாக இறுக்கினால் வேலை முடிந்தது. தாங்கி அசையாமல் பலகை மட்டும் தளர்ந்து சுழன்றால், பழுது உள்ளே உள்ள கவ்வியில் இருக்கிறது.

இரண்டாவது நிலையில் பலகையைக் கழற்றவேண்டும். முகம் பார்க்கும் கண்ணாடிக்கு விளக்கு இருந்தால் மின்கம்பி உள்ளே செல்லும். ஆகவே பேட்டரியின் எதிர்முனை இணைப்பை முதலில் கழற்றிவிட்டு, பிறகே கம்பியின் இணைப்பைப் பிரிக்கவேண்டும். கம்பி நுழையும் மூலையில், பலகையின் விளிம்பை ஒட்டிய இடத்தில் மட்டும் மெல்லிய கத்தியால் மெதுவாகத் திறந்தால் கவ்வி தெரியும். அது விரிந்திருந்தால் குறடால் சிறிது சிறிதாக நெருக்கவேண்டும். வில்லெஃகை ஒரே மூச்சில் வளைத்தால் அது முறிந்துவிடும். கவ்வி நன்றாயிருந்து கூடு வெடித்திருந்தால், இருபகுதிகளைப் பிசைந்து பூசும் எபாக்சி பசையைக் கொண்டு அதனை நிலைநிறுத்தலாம்; அப்போது பசை கம்பியில் ஒட்டாதவாறு கம்பிக்குச் சிறிது கிரீஸ் தடவிக்கொள்வது நலம். தேய்மானம் சிறிதாயின் கம்பியின்மீது சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் குழாயை ஏற்றினாலே பிடி திரும்பிவிடுவதுண்டு. இக்குழாய் மின்பொருள் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். சூடாக்கி ஒட்டும் பசைக்குச்சியை மட்டும் நாடவேண்டாம். நின்ற காரின் வெயிலில் அது மறுபடி இளகிவிடும்.

பொதியில் குறித்த நேரம்வரை பசையை உலரவிட்டு, விளிம்பை மூடி, பலகையை மாட்டியபின் சோதித்துப் பார்க்கவேண்டும். ஒரு நண்பகல் முழுவதும் காரை வெயிலில் நிறுத்திவிட்டு, பின்னர் மேடு பள்ளமான தெருவில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பலகை நின்றால் நம் வேலை நின்றது.

திறனும் முன்மதியும்

இங்கே ஒரு மறுப்பு எழுகிறது. எல்லாவற்றையும் நாமே செய்துகொண்டால் பட்டறைக்காரர் பிழைப்பது எவ்வாறு? இது நியாயமான கேள்வி. கஞ்சத்தனத்துக்குத் தற்சார்பு என்று பெயரிட்டு, உழைப்பவரின் கூலியை மிச்சம் பிடிப்பது அறமாகாது. ஆனால் இத்தகைய சிறு பழுதுகளில் பெரும்பாலும் நடப்பது என்ன? சரிசெய்யும் கூலியைக் கேட்டு நாம் முகம் சுளிக்கிறோம். அதைவிடப் பன்மடங்கு விலையுள்ள புதிய உறுப்பைப் பேரம் பேசாமல் வாங்கிவிடுகிறோம். பொருளுக்குக் கொடுக்கும் பணத்தை உழைப்புக்குக் கொடுக்க மறுக்கும் மனநிலையே பழுதுபார்ப்பவரை வாழவிடாமல் செய்வது. தாமே ஒருமுறை கவ்வியை நெருக்கிப் பார்த்தவருக்கு அவ்வேலையின் அருமை தெரியும். அடுத்த முறை சீட் உறை தைப்பவரிடமோ மெக்கானிக்கிடமோ சென்றால், கேட்ட கூலியை மதிப்போடு கொடுப்பார்.

அரிஸ்டாட்டில் தம் ஒழுக்கவியல் நூலில் செய்திறனையும் முன்மதியையும் வேறுபடுத்தினார். ஒன்றை எவ்வாறு செய்வது என்பது திறன்; அதனைச் செய்வது தகுமா, எம்மட்டும் தகும் என்று தெளிவது முன்மதி. திறன் உள்ளவரிடம் முன்மதி இல்லையேல் அவர் கை தீங்கு செய்யும். இதற்கும் வெயில் மறைப்பே சான்று தருகிறது. விபத்தில் தலை சென்று மோதக்கூடிய இடத்தில் இப்பலகை இருக்கிறது. ஆகவேதான் 1968 முதல் அமெரிக்கப் பாதுகாப்பு விதி, பலகை மோதலைத் தாங்கி உள்வாங்கும் பொருளால் ஆனதாகவோ அத்தகைய பொருளால் மூடப்பட்டதாகவோ இருக்கவேண்டும் என்று கூறியது. அதனை மாட்டும் தாங்கியில் தலை படக்கூடிய கடினமான விளிம்பு எதுவும் 3.2 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறைந்து கூராக இருக்கலாகாது என்பதும் அவ்விதி. தகரத்துண்டை வைத்து ஆணியடித்துப் பலகையை நிறுத்துபவர் பழுதை நீக்கவில்லை. ஓர் ஆயுதத்தை நெற்றிக்கு நேரே மாட்டியிருக்கிறார்.

மேலும், பல கார்களில் கூரை ஓரத்தில் காற்றுப்பை மடித்து வைக்கப்பட்டிருக்கும். அங்கே துளையிடுவதோ உறையைப் பெயர்ப்பதோ கூடவே கூடாது. பலகையில் காற்றுப்பையையும் குழந்தைகளையும் பற்றிய எச்சரிக்கை ஒட்டியிருந்தால் அதனைப் புதுத் துணியால் மூடிவிடலாகாது. அந்த எழுத்து இன்னொரு வீட்டுக் குழந்தையைக் காப்பாற்றலாம். சரிசெய்தும் பலகை மீண்டும் விழுகிறதென்றால் தயங்காமல் புதிதை வாங்கவேண்டும். பொருளைக் காப்பது கடமைதான். ஆனால் அது மனிதரைக் காக்கும் கடமைக்குக் கீழ்ப்பட்டது.

வாய்மையின் கடனும் ஒன்று உண்டு. ஒட்டிச் சரிசெய்த காரை ஒருநாள் ஓட்ட வரும் ஓட்டுநருக்கும், பின்னர் அதனை விலைக்கு வாங்குபவருக்கும் ‘இங்கே பழுது இருந்தது, இவ்வாறு சரிசெய்தோம்’ என்று சொல்லிவிடவேண்டும். மறைக்கப்பட்ட ஒட்டு வேலை பொய்யின் இனத்தைச் சேர்ந்தது.

எளிதான உவமைக்கு ஓர் எச்சரிக்கை

இத்தகைய சிந்தனையின் முடிவில், ‘உறவுகளையும் இவ்வாறே ஒட்டவைப்போம்’ என்று கூறுவது நம் மேடைகளில் வழக்கம். அந்த உவமையை நாம் இங்கே தவிர்க்கிறோம். மனிதர் நாம் திறந்து பார்த்து நெருக்கிவிடும் கவ்விகள் அல்லர். பழுதான பொருள் நம் கைக்கு இசையும். காயப்பட்ட மனிதரோ தம் விருப்பத்தால் மட்டுமே நம்மிடம் திரும்புவர். கணவரைச் சரிசெய்யப் போகிறேன், மகளைச் சரிசெய்யப் போகிறேன் என்று புறப்பட்டவர்களால் விளைந்த துயரங்களை நாம் அறிவோம்.

ஆனால் பொருளிடம் பழகும் முறை, பொருளைப் பயன்படுத்தும் மனிதரை உருவாக்குகிறது என்பது மட்டும் மெய். பழுதைக் கண்டவுடன் கண்ணை மூடாதவர், காரணத்தைத் தேடுபவர், தம் எல்லையை அறிந்து நிற்பவர், தாம் செய்ததை மறைக்காதவர் ஆகியோரிடம் கவனம் என்னும் பண்பு வேரூன்றுகிறது. கவனம் இல்லாத அன்பு வெறும் சொல்லே என்பதை நாம் மறுக்க இயலாது.

எனவே தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை இதுவாகிறது. உடைந்த பொருளுக்கு நாம் நேரடியாகக் கடன்பட்டவர்கள் அல்லர். பொருளுக்கு உரிமையும் இல்லை, வலியும் இல்லை. ஆனால் அப்பொருளின் வழியாக நாம் பலருக்குக் கடன்பட்டிருக்கிறோம். அதனை உருவாக்கிய உழைப்பாளிக்கும், அது குப்பையாய்ச் சென்று சேரும் இடத்தில் வாழ்பவருக்கும், நாம் கண் கூசிய வேளையில் சாலையைக் கடக்கும் முகமறியாதவருக்கும் அந்தக் கடன் சேருகிறது. அதனைத் தீர்க்க அரைநாள் உழைப்பும் ஒரு திருப்புளியும் போதுமானால், ஒத்திப்போட நமக்கு என்ன காரணம் இருக்கமுடியும்? நம் வீட்டிலும் வண்டியிலும் ‘நாளை’ என்று நாம் விட்டுவைத்திருக்கும் பழுதுகளை இந்த வாரம் ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். அவற்றுள் பிறரைக் காயப்படுத்தக்கூடியது எதுவோ, அதிலிருந்து தொடங்குவோம்.